களிமண் வைத்துப் பார்த்தால்தான் சாவி

"காரை இன்னைக்கே ஸ்டார்ட் பண்ணிடறேன், உனக்குத்தானே அக்காவைப் பார்க்க அவசரம்!"

"அவசரந்தான், அதுக்காக அளந்து பாக்காமலா..."

"மாட்டின எஞ்சின் ஹெட்டை மறுபடி கழட்டச் சொல்றியா? போடி!"

சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டீர்கள். நான் கார்ச் சாவியோடு தெருமுனைக் கடைக்குப் போகிறேன். கார் இல்லாமல் என் முழங்கால் அதற்குமேல் போகாது.

இப்போது நீங்கள் மாட்டியிருப்பது போன்ற புது கேம்ஷாஃப்ட், பழையதைவிட வால்வை இன்னும் கீழே தள்ளும், பிஸ்டனில் இடித்தால் எஞ்சினே போச்சு என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்பவர் நீங்கள்தானே? ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் களிமண் வையுங்கள். திரும்ப மாட்டி, எஞ்சினைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றுங்கள். பிறகு திறந்து, மண் எங்கே அதிகம் நசுங்கியிருக்கிறதோ அங்கே மிஞ்சிய மண்ணின் கனத்தை அளந்து பாருங்கள். இன்னும் ஒரு நாள் அடைந்து கிடக்கிறேன், பரவாயில்லை. எஞ்சின் உடைந்தால் ஆயுசுக்கும் எனக்கு இந்த நாலு சுவர்தான்.

சாப்பாடு மேசையில், உங்கள் ஸ்பேனர்களுக்கு நடுவில் மூடியிருக்கிறது. கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

பி.கு. குளியலறைக் கதவருகே நின்று ஒன்று கேட்டேன், தண்ணீர்ச் சத்தம்தான் வந்தது: "இது ஓட ஆரம்பிச்சா என்னை அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா, இல்ல அடுத்ததைக் கழட்டுவீங்களா?"