வலது பாதம்

காஜா பேராங், மலாக்கா
12.9.1957

அன்புள்ள மகளுக்கு,

"அப்பா, டாக்டர் ஏன் என்னைப் பார்க்காம உங்களையே பார்த்துப் பேசுறாரு?" என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாய். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிச் சிங்கப்பூர் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிவிட்டேன். முப்பது வருடம் வகுப்பில் எந்தக் கேள்வியையும் தட்டிக்கழிக்காதவன் நான்.

உன் முழங்காலில் இருப்பது புற்றுநோய். புதன்கிழமை வலது காலைத் தொடையிலிருந்து எடுக்கிறார்கள். அம்மாவால் இதைச் சொல்ல முடியவில்லை. கையெழுத்துப் போட்டவன் நான்.

வயலினின் தலையை இனி எந்தப் பாதத்தில் ஊன்றுவது என்றுதான் முதலில் கேட்பாய். பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டித் தச்சரிடம் மரத்தாங்கி ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறேன். நெஞ்சையும் எக்ஸ்ரே படம் எடுத்திருக்கிறார்கள். அதை நேரில் பேசுவோம். "வளர்ற பிள்ளையாச்சே மாஸ்டர், கொஞ்சம் உயரமாவே செய்றேன்" என்று தச்சர் அவர் வீட்டு மொழியான மலாயில் சொன்னார். சரி என்று மட்டும் சொன்னேன்.

பள்ளியின் மெர்டேக்கா சுதந்திர விழாவில் தந்தி அறுந்ததும் மிச்சம் மூன்றிலேயே வாசித்து முடித்தாயே, அன்று நடுங்கியவன் நான்தான், நீ இல்லை.

மயக்க மருந்து கொடுக்கும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார்கள். எண்ணாதே, ஸரிகம பாடு. எந்தச் சுரத்தில் நின்றாய் என்று விழித்ததும் என்னிடம் சொல்.

உன் அப்பா