திருநீறு போட்டுத் தேய்த்த வெள்ளிக்காசு

என் அன்புள்ள அத்தான்,

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னிடம் ஒரு பக்கம் கேட்டிருக்கிறார்கள். நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். அக்கா சுகம். இங்கே எங்கள் கோட்-டெ-நெய்ஜ் தெருக்களில் பனி இன்னும் கரையவில்லை. உங்கள் வெள்ளிக்காசு என் மேசையில் இருக்கிறது.

ராவல்பிண்டியில் ரெயில்வே வேலை பார்த்த காலத்தில் நீங்கள் வாங்கிய காசு. திருகோணமலையை விட்டு ஓடிவந்தபோது சட்டை மடிப்புக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவந்தீர்கள். ஒரு பக்கம் அந்தப் பக்கத்தை ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டரின் தலை, சுற்றிவரக் கிரேக்க எழுத்து, மறுபக்கம் அந்த மண்ணின் பழைய எழுத்தான கரோஷ்டி. இரண்டிலும் தன்னைக் 'காப்பவன்' என்று அடித்துக்கொண்டான். பின்னால் வந்த துண்டுநிலத்து அரசர்கள் பலரும் வெட்கமில்லாமல் அதையே அடித்தார்கள். யாரை யாரிடமிருந்து காத்தார்கள் என்று ஒரு காசிலும் இல்லை.

"காப்பாத்த வந்தவையிட்டயிருந்துதானே நாங்களும் ஓடி வந்தனாங்கள்," என்று நீங்கள் சிரிப்பீர்கள்.

வெட்கமின்மையில் அந்த அரசர்களுக்குக் குறையாதவர், கர்க்லாண்ட் புறநகரில் பெரிய வீடு வைத்திருக்கும் டாக்டர். சென்னைக்காரர். கண்ணாடிப் பெட்டி நிறையப் பழங்காசு வைத்திருக்கிறார். ஒன்றையும் வாசிக்கத் தெரியாது. ஒருநாள் அவர் வீட்டு விருந்துக்கு நீங்கள் காட்டக் கொண்டுபோன காசை, வந்த அத்தனை பேர் முன்னால் தலைகீழாகப் பிடித்தார்.

"பின்னாடி என்ன, அரபு மாதிரி இருக்கு? ரெண்டாயிரம் வருஷத்துக் காசு இப்படியா பளபளக்கும்? சார், உங்களை யாரோ நல்லா ஏமாத்தியிருக்கான்."

சாப்பாட்டுத் தட்டோடு நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கரோஷ்டியை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும் என்று வரலாறு படிப்பித்த எனக்குத் தெரியும். காசு ஏன் பளபளத்தது என்பதும் எனக்கு மட்டும் தெரியும். பெரிய வீட்டுக்குக் கறுத்த காசைக் கொண்டுபோக வெட்கப்பட்டு, முதல்நாள் அக்காவின் வெள்ளி விளக்கோடு சேர்த்துத் திருநீறு போட்டுத் தேய்த்தவன் நான். ஓரம் ஓரமாக, ஒழுங்காக.

பஸ்ஸில் திரும்பும்போது கேட்டீர்கள்: "தேய்ச்சனீரோ?"

"இல்லை, அத்தான்."

அதன்பிறகு அந்தக் காசை நீங்கள் ஒருவருக்கும் காட்டவில்லை. ஒரு போலியைத்தான் இவ்வளவு தூரம் சுமந்து வந்தேன் என்று நினைத்துக்கொண்டா கண்ணை மூடினீர்கள்? டாக்டராவது தெரியாமல் பேசினார். அவரை இகழ எனக்குத் தகுதி உண்டோ என்று யோசிக்கிறேன். ஆனாலும் இகழ்கிறேன்; என்னை அதைவிட.

மலர் அச்சானதும் முதற் பிரதியை நானே கர்க்லாண்டுக்குக் கொண்டுபோவேன். அவர் இந்தப் பக்கத்தை வாசித்து முடிக்கும்வரை வாசலில் நிற்பேன். காசு இனிக் கறுக்கட்டும், துணி படாது.

ஓம் அத்தான், தேய்த்தது நான்.

உங்கள் மைத்துனன்,
சதாசிவம்