மயங்கியதைப் பார்த்தவள்

கலைவாணி நைனா,

நீ தூங்குற, எழுப்பலை. சட்டியில கஞ்சி இருக்கு, குடி. ஏரிப் பக்கம் போகாத.

நேத்து ஏரியில கையால இறா தடவிப் புடிக்கும்போது நீ மயங்கி விழுந்த. கரைக்கு இழுத்தாந்து மடியில படுக்க வச்சது, பக்கத்துல இறா புடிச்ச ஜமுனா. அதுக்கு முன்னாடியே, "நெஞ்சு படபடன்னு அடிக்குது"ன்னு அவகிட்ட சொன்னியாமே! வூட்ல பொண்டாட்டின்னு இருக்கிற நான் இன்னா, மரமா?

வெயில்லயும் பசியிலயும் வந்த மயக்கம்னு நான் நெனச்சேன். காலையில போய்க் கேட்டதுக்கு நர்ஸம்மா, "படபடப்போட மயங்குனா இன்னிக்கே டாக்டரப் பாக்கணும். விழுந்தத பாத்தவங்களயும் கூட்டினு போ, டாக்டர் அவங்களத்தான் கேப்பாரு"ன்னு சொன்னாங்க.

பாத்தவ அவதானே. அதான் வாய மூடிக்கினு அவளயே கூப்பிடப் போறேன். ஆட்டோவுல அவ டிரைவர் பக்கத்துல உக்காரட்டும்.

செவ்வந்தி

வழியில தலை சுத்துனா என் பக்கம் சாய்.