சுருட்டைக்கு முக்கால் மணி நேரம்

ஜூலை 2, செவ்வாய்

அம்மாதான் எங்கள் பள்ளியின் ஆலோசகர். மனசு சரியில்லாத மாணவர்கள் அவளிடம் போய்ப் பேசலாம். மகள் போகக் கூடாது, அது விதி. இன்று சாக்பீஸ் வாங்கப் போகிற வழியில் அந்த அறைக் கண்ணாடி வழியே பார்த்தேன். உள்ளே என் வகுப்புச் சுருட்டை அழுதுகொண்டிருந்தாள். (முடியால் வந்த பெயர்.) அம்மா கன்னத்தில் கை வைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் கவிழ்ந்து கிடந்தது. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வகுப்புக்கு வந்தாள் மகராணி!

வீட்டில் நான் பேசினால் பாத்திரம் கழுவிக்கொண்டே "ம்... ம்..." சோதித்துப் பார்க்கத்தான், "இன்னைக்கு எங்க கிளாசுக்குள்ள யானை வந்துச்சும்மா" என்றேன். "அப்படியா, சரிம்மா" என்றாள்.

ஜூலை 4, வியாழன்

மறுபடி சுருட்டை. வெளியே வரும்போது முகம் கழுவிப் பளிச்சென்று இருந்தாள். வயிறு எரிகிறது. அவளுக்கு ஆயிரம் கஷ்டம் இருக்கட்டும், எனக்கென்ன? அது என் அம்மா.

ஜூலை 5, வெள்ளி

சொல்லிவிட்டேன். மதியச் சாப்பாட்டில், நாலு பேர் முன்னால் — "சுருட்டை தினமும் எங்கம்மாகிட்ட போய் அழறா." ஒருத்தி "ஏனாம்?" என்றாள். தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். "தெரியும், சொல்ல மாட்டேன்" என்று பெரிய இவளாட்டம் தலையை ஆட்டினேன்.

ஜூலை 9, செவ்வாய்

இப்படி ஆகுமென்று நினைக்கவே இல்லை. சொன்னது நான் என்பதால், அம்மா எல்லார் கதையையும் வீட்டில் வந்து சொல்கிறாள் என்று பரவிவிட்டது. அந்த அறைக்கு ஈ காக்காய் வரவில்லை. சுருட்டை இரண்டு நாளாகப் பள்ளிக்கே வரவில்லை.

ஜூலை 10, புதன்

தலைமையாசிரியை அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டாராம். வேலை இருக்குமா இல்லையா, வெள்ளிக்கிழமை தெரியும். அறைக்கு யாரும் வராததால் அம்மா நாலு மணிக்கே வீட்டில். போனை அணைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லு, உனக்கு இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்றாள்.

இதைத்தானே கேட்டேன்! சாப்பாட்டு நேரத்தில் உளறியதிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஏன்டி?"

"அவ அழுதா கேக்கறே. நான் பேசினா உன் காதுலயே விழல."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அதுக்கு என்மேல கத்தியிருக்கலாமே. அவளை ஏன்டி இழுத்தே?"

ஜூலை 11, வியாழன்

முதல் பீரியடில் ஆசிரியரிடம் கேட்டு எழுந்து நின்றேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிச்சேன்."

பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன், "கதை விடாதே. உங்கம்மா உன்கிட்ட சொல்லாமயா?"

வேறு வழியில்லை. "எங்கம்மா என்கிட்ட எதுவுமே பேசறதில்ல. உங்க கதை மட்டுமில்ல, எந்தக் கதையும். அந்தப் பொறாமையிலதான் சொன்னேன்." யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஐயோ, மானமே போச்சு.

மாலையில் சுருட்டை வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்து எல்லாவற்றையும் கேட்டாள். "நீ சொன்னது பொய்யா இருந்திருந்தாப் பரவால்ல. நான் அழறது உண்மைதானே" என்று சாத்திவிட்டாள்.

ஜூலை 12, வெள்ளி

அம்மாவுக்கு வேலை இருக்கிறது.

ஜூலை 22, திங்கள்

சுருட்டை போன வாரமே பள்ளிக்கு வந்துவிட்டாள். என்னோடு பேசுவதில்லை. இன்று கடைசி மணி அடித்ததும் அம்மாவின் அறைக்குள் போனாள். அம்மா வீடு வர ஆறரை. செருப்பைக் கழற்றியதும் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்தாள். வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

"சுருட்டை எப்படிம்மா இருக்கா?"

அம்மா கண்ணைத் திறந்தாள். "அது அவ கதை. உன்னோடதைச் சொல்லு."

ஒன்றுமில்லை என்றேன். அப்புறம் நாற்காலிப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன்.