எதிர் அணிக்குப் போன கைதட்டல்

வைகாசி 9, சனிக்கிழமை

தூக்கம் வரவில்லை. யட்டியாந்தோட்டையில் இன்று இந்த வருஷத்தின் முதல் ரக்பி ஆட்டம். எங்கள் ரப்பர் தோட்டத்தை நடத்தும் பெரியதுரை இந்தப் பக்கத்துத் துரைமாரோடு சேர்ந்து ஆடினார். எதிரே இரத்தினபுரித் துரைமார். நம் பக்கத்துக்குக் கைதட்டுவதற்கென்றே தோட்டத்து ஆட்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போனேன். கணக்கப்பிள்ளை வேலையில் இதுவும் சேர்த்தி.

எதிர் அணியில் பந்தோடு ஓடியவர், போன வருஷம் வரை எங்கள் தோட்டத்தில் பெரியதுரைக்கு அடுத்த சின்னத்துரையாக இருந்தவர். பால் வெட்டுகிற மாரிமுத்துவின் மகள் காய்ச்சலில் கிடந்தபோது தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். மாரிமுத்து துள்ளி எழுந்தான்.

“நம்ம சின்னத்துரைங்க! ஓடுங்க சாமி, ஓடுங்க!”

அவ்வளவுதான், எல்லோரும் சேர்ந்து கத்திவிட்டார்கள். கடைசியில் ஜெயித்ததும் அந்தப் பக்கம்தான்.

சேறும் வியர்வையுமாக வந்த பெரியதுரை திட்டவில்லை, சிரித்தார். அதுதான் பயமாக இருக்கிறது.

“மொதல்ல கத்தினது யாரு, கணக்கப்பிள்ளை?”

“கூட்டத்துல தெரியலைங்க துரை.”

“திங்கட்கிழமை காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல எல்லாருக்கும் முன்னால சொல்லு.”

சொன்னால் மாரிமுத்துவுக்கு வேலையிலிருந்து நிறுத்தும் பத்துச்சீட்டு. குடும்பத்தோடு தோட்டத்தை விட்டுப் போக வேண்டியதுதான். சொல்லாவிட்டால் எனக்கு.

சற்றுமுன் அவனே வாசலில் வந்து நின்றான். விஷயம் தெரிந்து பயந்துபோய் வந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

“அடுத்த ஆட்டம் எப்பங்க ஐயா? மகளையும் கூட்டிட்டு வரலாமுங்களா?”