விரிப்பின் மறுமுனையில் ஒருத்தி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை, வியாழக்கிழமை டென்னிஸ் அரையிறுதியில் நீ ஓடின ஓட்டத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்தாயிற்று, கை கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, முகம்தான் வற்றிப் போயிருக்கிறது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறோம். அப்பாவுக்குத் தோள்வலி குறைந்துவிட்டது, மறுபடியும் லிப்ட் ரிப்பேருக்கு ஏணி ஏற ஆரம்பித்துவிட்டார், சொன்னால் கேட்கிற ஆளா. எனக்குத்தான் இரண்டு வாரமாக இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோகிறது, நேற்றுக் காலையில் உப்பு டப்பாவைத் துணி அலமாரியில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினேன். இதெல்லாம் உன்னால்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அம்மா சுற்றி வளைத்தாள் என்று பிறகு சொல்லாதே. போனில் சொன்னால் என்ன என்பாய். எப்படிச் சொல்வது? நீ எடுத்தவுடன் அப்புறம் பேசறேம்மா என்பாய், அப்படியே பேசினாலும் உன் இரட்டையர் ஜோடி நெட்டை பக்கத்து அறையில் உன் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறாள், நம் வீட்டுச் சுவரின் லட்சணம் உனக்குத் தெரியும், சமையலறையில் தும்மினால் அந்த அறையிலிருந்து பதில் வரும். அதனால் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், சாப்பாட்டு இடைவேளையில், துணிமூட்டைமேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். உன் விலாசமோ வாராவாரம் மாறுகிறது, அடுத்து நீ எந்த ஹோட்டலில் இறங்குவாய் என்று குறி பார்த்துத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ போனில், அம்மா, பெரிய போட்டிக்கு இடதுகைக்காரியோடதான் பேர் கொடுக்கப் போறேன், நெட்டைகிட்ட நானே சொல்லிக்கறேன், அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே என்றாய். சரி என்றேன். சரி என்று சொன்ன வாயை இப்போது எதைக்கொண்டு அடிப்பது என்று தெரியவில்லை. இரண்டு பேருடைய தரவரிசையையும் கூட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள், நெட்டை முழங்கால் ஆபரேஷன் ஆகி நாலு மாசமாய் ஆடாததால் அவள் எண் சரிந்துபோயிருக்கிறது, அவளோடு பேர் கொடுத்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள், நெட்டை இல்லாத குறைக்கு இப்போது உன்னோடு ஆடுகிற இடதுகைக்காரியோடு என்றால் கதவு தானே திறக்கும், இதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. உனக்கும் முப்பத்தொன்று முடிகிறது. ஒற்றையர் ஆட்டத்தில் எட்டு வருஷம் தகுதிச் சுற்றிலேயே முட்டி முட்டித் திரும்பினவள் நீ, இனி காத்திரு என்று சொல்ல எனக்கு மனசு வருமா. எவளோடு ஆட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், அது உன் பிழைப்பு. நான் கேட்பது ஒன்றே ஒன்று. நானே சொல்லிக்கறேன் என்றாயே, அதை எப்போது சொல்லப் போகிறாய்? அடுத்த திங்களோடு பேர் கொடுக்கிற கெடு முடிகிறது. பட்டியல் வெளியே வந்து, உன் பேருக்குப் பக்கத்தில் வேறொருத்தி பேர் இருப்பதை அவள் போனில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றிருக்கிறாயா?

நீ அங்கே இருக்கிறாய், உனக்குத் தெரியாது. இங்கே தினமும் அவளோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவள் நான். அவள் அக்கா வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது, டாக்டர் படியே ஏறக்கூடாது என்றார் என்று நீதானே இங்கே கொண்டுவந்து விட்டாய். வந்த நாளிலிருந்து ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. காலையில் எழுந்து அப்பா நடையில் அடித்துக்கொடுத்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நூறு தரம் காலை மடக்கி நீட்டுகிறாள், பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணுவது எனக்குக் கேட்கிறது. சமையலறைக் காலண்டரில் அந்தப் பெரிய போட்டி தொடங்குகிற நாளைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறாள். அப்பா வேறு, அவருக்கு விஷயம் தெரியாது, சொன்னால் அவர் லிப்டில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடும் என்று சொல்லவில்லை, அவர் பாட்டுக்கு, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இறங்குங்க, அப்புறம் எவ நிக்கறான்னு பாப்போம் என்று தினம் ஒரு தரம் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறார். அவர் சொல்லும்போது நான் பாத்திரத்தை உருட்டுவேன். அவர் போனதும் அவள் வந்து, அவ ஏதாச்சும் சொன்னாளாம்மா என்று கேட்பாள். ஒன்னும் சொல்லலையே, பிசியா இருப்பா என்பேன். இப்படிப் பத்து நாள். நான் பொய் சொல்லாதவள் இல்லை, உன் அப்பாவிடம் தேவைக்கு ஏற்றாற்போல் சொல்லுவேன், ஆனால் அந்தப் பெண் அதை அப்படியே நம்பிவிட்டுத் தட்டைக் கழுவப் போகிறாள்.

காலிறுதியில் நீ ஜெயித்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் எதிரில் காட்டக்கூடாதே என்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கைதட்டினேன். வெளியே வந்தால் அவள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, ஊன்றுகோலை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இது நடந்தது செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

வலைக்கு முன்னால் நிற்கிறவள் முதுகுக்குப் பின்னால் கையை வைத்து, சர்வ் போடுகிறவளுக்கு ஜாடை காட்டுவீர்களே, விரித்தால் குறுக்கே பாய்வேன், மூடினால் இடத்திலேயே நிற்பேன் என்று, அதை ஊரில் எல்லாரும் காட்டுகிறார்கள். ஆனால் மூடின கையில் சுண்டுவிரல் மட்டும் இரண்டு தரம் ஆடுமே, பாய்கிற மாதிரி பாசாங்கு பண்ணிவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று, அது உங்கள் இரண்டு பேரைத் தவிர உலகத்தில் யாருக்கும் கிடையாது. அது எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். ஒரு மழை நாள், என் சாப்பாட்டு மேசை, இரண்டு டம்ளர், பந்துக்கு ஒரு எலுமிச்சம்பழம். எதிராளியாக என்னைத்தான் நிற்க வைத்தீர்கள், நான் ஒவ்வொரு தரமும் ஏமாந்தேன், நீங்கள் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து அந்தப் பழத்தை என் ரவிக்கை மேலேயே பிழிந்தீர்கள். வியாழக்கிழமை இரண்டாவது செட்டில் நீ வலைக்கு முன்னால் நிற்கிறாய், இடதுகைக்காரி பின்னால் சர்வ் போடப் போகிறாள், உன் முதுகு திரை முழுக்கத் தெரிகிறது. கை மூடியிருக்கிறது. சுண்டுவிரல் ஆடிற்று. ஒரு தரம், இன்னொரு தரம். உனக்கு அது கைப்பழக்கமாக வந்ததா, தெரிந்தே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாயா, எனக்குத் தெரியாது. அந்தப் புள்ளி உங்களுக்குத்தான். நான் திரும்பி நெட்டையைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நல்லா ஆடுறாம்மா என்றாள். ஆட்டம் முடிகிறவரை உட்கார்ந்திருந்தாள், ஜெயித்தபோது இந்தத் தடவையும் கை தட்டினாள். அப்புறம் போய்க் கழுவி வைத்த டம்ளர்களை எல்லாம் எடுத்து மறுபடியும் கழுவினாள். அன்றிலிருந்து இன்றோடு ஐந்து நாள், இறுதி ஆட்டத்தில் நீங்கள் தோற்ற அன்றைக்குக்கூட, அவ ஏதாச்சும் சொன்னாளாம்மா என்று அவள் கேட்கவில்லை. தினமும் அவள் கேட்கக்கூடாதே என்று பயந்துகொண்டிருந்தவள் நான், இப்போது கேட்டுத் தொலையமாட்டாளா என்று இருக்கிறது.

உனக்கு என் ஜோடியைத் தெரியும், குண்டூசி, அதுதான் எப்போதும் காலரில் ஊசி குத்திக்கொண்டு குச்சி மாதிரி இருப்பாளே, பதினேழு வருஷமாக நானும் அவளும்தான் இங்கே விரிப்பு மடிக்கிறோம். ஒரு நாளைக்கு நானூறு. இரண்டு முனை அவள் கையில், இரண்டு முனை என் கையில், உதறி, இழுத்து, நடந்து வந்து சேர்த்து, ஒருத்தி முனையை மற்றவள் வாங்கிக்கொள்ள வேண்டும். பேச்சே கிடையாது, மெஷின் சத்தத்தில் பேசவும் முடியாது. ஒரே ஒரு வார்த்தைதான், விடுறேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும், இது இங்கே சட்டம். ஒரு நாள் மேற்பார்வைக்காரம்மா கூப்பிட்டாள் என்று குண்டூசி சொல்லாமல் விட்டுவிட்டுத் திரும்பினாள், விரிப்பு ஈரத்தரையில் போய் விழுந்தது. மறுபடியும் துவைத்துவிடலாம், அது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் மறுமுனையில் ஆள் இருக்கிறாள் என்று நான் பலமாக இழுத்துக்கொண்டு நிற்கிறேனே, பின்னால் சாய்ந்து தள்ளுவண்டியில் இடித்துக்கொண்டேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பேசாமலேயே எண்ணூறு விரிப்பு மடித்தோம், விடுறேன் என்பதை மட்டும் இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு.

நீ அவளை விடு, விடாமல் இரு. முதன்முதலில் இரட்டையர் ஆட்டத்துக்குப் பேர் கொடுக்கப் போன அன்று, பதிவு மேசையை மூடப் பத்து நிமிஷம் இருக்கும்போது, கூட ஆட ஆள் கிடைக்காமல் நீ ஓரமாக அழுதுகொண்டு நின்றாயே, உனக்கும் யாருமில்லையா, எனக்கும் இல்லை, வா என்று உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள் அவள். அதற்காகக் காலம் முழுக்க அவளுக்குக் கட்டுப்பட்டு இரு என்று சொல்ல நான் யார். ஆனால் அவளே வாயைத் திறந்து கூப்பிட்டாள் இல்லையா, நீயும் வாயைத் திறந்து சொல். மணி அடித்துவிட்டது, மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

செவ்வாய், மத்தியானம். நேற்றே அனுப்பியிருக்க வேண்டியது, கூரியர் கடை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன், பெண்ணை ரொம்பத் திட்டிவிட்டோமோ என்று ஒரு யோசனை. வீட்டுக்குப் போனால் நெட்டை உன் கட்டில் விரிப்பைத் துவைத்து உலர்த்தி எடுத்து வைத்திருக்கிறாள். இன்னைக்கு என்னடி திடீர்னு என்றேன். ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குக் கிளம்பறேம்மா, டாக்டர் மாடி ஏறலாம்னு சொல்லிட்டார் என்கிறாள். இன்றைக்குக் காலையில் அந்த டாக்டரின் கோட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் நானே கேட்டேன், அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை, இன்னும் மூன்று வாரம் படி பக்கமே போகக்கூடாதாம். நேற்று எனக்கு அது தெரியாது. சரி, பிடி என்று ஒரு பக்கத்தை நான் பிடித்தேன், மறுபக்கத்தை அவள் பிடித்தாள், தினமும் சாயங்காலம் எனக்கு மடித்துக்கொடுக்கிறவள்தான், நொண்டி நொண்டி நடந்து வந்து முனையை என் கையில் சேர்ப்பாள். நேற்றும் சேர்த்தாள். விடுறேம்மா என்றாள். நான் சொல்லிக்கொடுத்ததுதான், தினமும் சொல்வதுதான், எப்போதும் சிரித்துக்கொண்டு மெஷின் சத்தத்துக்கு மேல் கத்துகிற மாதிரி கத்துவாள். நேற்று மெதுவாகச் சொன்னாள், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரில் உன்னுடைய பழைய ராக்கெட் மாட்டியிருக்கிறதே, அதைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கையை எடுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவளுக்கு வரவில்லை.

ஆகவே திட்டினது திட்டினதாகவே இருக்கட்டும், ஒரு எழுத்தையும் அடிக்கப் போவதில்லை. இது வெள்ளிக்கிழமை உன் கையில் கிடைக்கும் என்று கூரியர்க்காரர் சத்தியம் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் கிளம்புகிறாள், அப்பா டாக்சி சொல்லிவிட்டார். நீ அவளிடம் பேசுகிறவரை என்னைக் கூப்பிடாதே, கூப்பிட்டாலும் எடுக்கமாட்டேன், எடுக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும், அதனால் சீக்கிரம் செய். இடதுகைக்காரி நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள், அவளுக்கும் என் ஆசி. உன் கை கால் எல்லாம் நோய் நொடியில்லாமல் இருக்கட்டும், போகிற இடமெல்லாம் நல்லதே நடக்கட்டும், உன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவள் உன்னை நம்பி நிற்கட்டும். ஈரத் தலையோடு ஏசி பஸ்ஸில் ஏறாதே. நெட்டையின் நம்பர் மாறவில்லை. போனைத் திரை மேலே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மா