மஞ்சள் தடவிய பாஸ்போர்ட்

என் கண்ணு குமரேசனுக்கு,

நீ இப்போது இருக்கிற இடத்தில் குளிர் இருக்காது என்று நினைத்துக்கொள்கிறேன். ஜெர்மனியில் இருந்தவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை போனில் நான் முதலில் கேட்பது அதைத்தான். நீயும் சலிக்காமல் சொல்வாய். இனிமேல் கூப்பிட நம்பர் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

வீட்டில் நானும் மாமாவும்தான். மாமா முதலிபாளையத்தில் அந்தப் பனியன் செக்கிங் யூனிட்டை எப்படியோ ஓட்டிக்கொண்டிருக்கிறார். நீ வேலை பழகிய நிட்டிங் கம்பெனியில் புதிதாக மெஷின் இறக்கியிருக்கிறார்களாம். குமரேசன் இருந்தால் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான் என்று அங்கே இன்னும் பேசிக்கொள்கிறார்களாம். மாமா வந்து சொன்னார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதப் போகிறேன். ஆனாலும் ஒரு தடவை முதலிலிருந்து சொல்லிப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. ஏன் வரவில்லை என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லி முடித்திருப்பேனோ என்னவோ.

உன் வயிற்றில் கட்டி என்றும், விமானத்தில் ஏறக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள் என்றும் உன் அறைத்தோழர் முரளி போன் செய்தபோது, நான் அன்றைக்கே கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். தாராபுரத்துக்குப் பஸ் ஏறுகிற மாதிரி. அப்பாவும் அம்மாவும் போன பிறகு உனக்கு நான், எனக்கு நீ. உனக்கு உடம்பு சரியில்லை என்றால் நான் வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். அதற்கு ஒரு தேசத்தின் அனுமதி வேண்டும் என்பது என் புத்தியில் ஏறவே சில நாட்கள் ஆயின.

முதலில் பாஸ்போர்ட். போட்டோ எடுக்கப் போனால் சிரிக்கக் கூடாது என்றார்கள். சிரிக்கிற நிலையிலா இருந்தேன்? போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரித்தார். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டவர், காரணம் தெரிந்ததும் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார். நல்ல மனுஷர்.

பிறகு விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்க ஒரு டிராவல்ஸ் ஆபீசுக்கு மாமாவும் நானும் போனோம். ஜெர்மனியில் இருக்கிற ஒருவர் என் செலவுக்குப் பொறுப்பேற்று அவர்கள் ஊர் ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டும். நீ படுக்கையில் இருந்ததால் முரளி போட்டார். என்னை அவர் பார்த்ததுகூட இல்லை. அப்புறம் எனக்கு இன்சூரன்ஸ். நோயாளியைப் பார்க்கப் போகிறவளுக்கு நோய் வந்தால் பார்ப்பதற்கு. அப்புறம் என் பேரில் பாங்கில் இருக்கிற பணத்துக்கு அத்தாட்சி. கல்யாணமான நாளிலிருந்து வீட்டுச் செலவைக் காசு பிசகாமல் எழுதுகிறவள் நான். பாங்கில் என் பேரில் எதுவும் கிடையாது. எல்லாம் மாமா பேரில்.

இவற்றுக்கெல்லாம்கூட வழி இருந்தது. திரும்பி வருவேன் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்களே, அங்கேதான் நின்றுவிட்டேன்.

"வேலைக்குப் போறவிகளா இருந்தா முதலாளிகிட்ட லீவு லெட்டர் வாங்கி வெச்சர்லாமுங்க. அக்கா ஊட்ல இருக்கறவிக. இவிகளுக்கு ஆரு லீவு லெட்டர் குடுக்கறது?" என்றார் டிராவல்ஸ்காரர்.

"ஏனுங்க, நான் குடுக்கறனுங்க. இவிக இல்லாட்டி எனக்குச் சோறு இல்லீன்னு எழுதி, சீல் வெச்சே குடுக்கறன்" என்றார் மாமா.

டிராவல்ஸ்காரர் சிரித்தார். மாமா விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று நானும் நினைத்தேன். மறுநாள் யூனிட் லெட்டர்பேடில் நிஜமாகவே எழுதி எடுத்து வந்துவிட்டார். என் மனைவிக்கு விடுப்பு அளிக்கிறேன், அவர் திரும்பி வந்து தம் வேலைகளைத் தொடர்வார் என்று. கீழே கையெழுத்து, முத்திரை. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு பெண்பிள்ளை தன் வீட்டுக்குத் திரும்பி வருவாள் என்பதைக் காகிதத்தில் வேறு எப்படிக் காட்டுவது? நீ சொல்லு.

பாஸ்போர்ட் ரிஜிஸ்தர் தபாலில் ஒரு கிருத்திகை அன்று வந்து சேர்ந்தது. முருகனே கொண்டுவந்து கொடுத்ததாக எடுத்துக்கொண்டேன். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். ஆர்டரில் முதல் பீஸ் தைத்தால் மஞ்சள் வைப்போம். பில் புக், செக் புக், கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும் மூலையில் மஞ்சள் வைக்காமல் கையால் தொட்டதில்லை. இது என் தம்பியிடம் என்னைக் கொண்டுபோகிற புத்தகம். ஒரு மூலையோடு விட மனசு வரவில்லை. மஞ்சளைக் குழைத்து ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் தடவினேன். எந்தப் பக்கத்தில் விசா குத்துவார்களோ யார் கண்டது? ஈரம் காய்வதற்குள் மூடி, பட்டுத்துணியில் சுற்றி, முருகன் படத்துக்கு அடியில் வைத்தேன். விசா கேட்கச் சென்னைக்குக் கிளம்பும் நாள்தான் எடுத்தேன். அப்போதும் பிரித்துப் பார்க்கவில்லை.

சென்னை விசா ஆபீசில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணும் தமிழ்ப் பெண்தான். பாஸ்போர்ட்டைப் புரட்டினாள். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"இது என்னம்மா?"

"மஞ்சளுங்க. சாமிகிட்ட வெச்சு எடுத்தமுங்க."

"அட்டையில பொட்டு வெச்சுக் கொண்டுவருவாங்க, பார்த்திருக்கேன். உள்ள எல்லாப் பக்கத்துலயுமா தடவுவீங்க?"

பிரித்துக் கொடுக்கிறேன் என்று நானே வாங்கினேன். எவ்வளவு மெதுவாகப் பிரித்தேன் தெரியுமா, புண்ணில் ஒட்டின துணியைப் பிரிக்கிற மாதிரி. அப்படியும் ஒரு பக்கம் கிழிந்தது. அந்தச் சத்தத்துக்கு அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். கிழிந்த பாஸ்போர்ட்டில் விசா குத்த முடியாது, புதிதாக வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி எல்லாக் காகிதங்களையும் அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள். மாமாவின் லீவு லெட்டர் மேலாக இருந்தது. அதை அவள் படிக்கவே இல்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். விதி அப்படி.

திரும்பி வருகிற ரயிலில் மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். உனக்குப் போனில் சொன்னபோது நீயும் திட்டவில்லை.

"அக்கா, பாஸ்போர்ட்டுக்கு மஞ்சக் காப்பே போட்டுட்டீங்களா? பால் அபிஷேகம் பண்ணாம உட்டீங்களே, அந்த மட்டும் தப்பிச்சுது" என்று சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, முரளி போனை வாங்கிக்கொண்டார். நீ சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

மறுபடியும் விண்ணப்பம். புத்தகம் எப்படிக் கிழிந்தது என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதித் தர வேண்டும், மறுபடி போலீஸ் விசாரணை என்றார்கள். அவசரமாகக் கேட்கவும் ஒரு வழி உண்டாம். அதற்குப் பெரிய அதிகாரி ஒருவர் இந்தம்மாவை எனக்குத் தெரியும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு எந்த அதிகாரியைத் தெரியும், தம்பி? ரேஷன் கடைக்காரரைத் தெரியும். கோயில் குருக்களைத் தெரியும்.

சஷ்டிக்குச் சஷ்டி பச்சைத் தண்ணீரோடு இருந்தேன். வேறு என்ன செய்யத் தெரியும்? ஒவ்வொரு நாளும் தபால்காரர் சைக்கிள் தெருவில் திரும்பும்போது வாசலுக்குப் போவேன். அவரும் தூரத்திலேயே தலையை ஆட்டிவிட்டுப் போவார். அப்படி ஒரு நாள் வாசலில் நிற்கும்போதுதான் உள்ளே போன் அடித்தது. முரளி. அவர் அழுதார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

உன்னை அங்கேயே எரித்தார்கள். நீ எரிந்த நேரத்தில் நான் இங்கே அரிசி ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோது தெரிந்தது. அஸ்தியை முரளி எடுத்து வந்தார். மூடி முத்திரையிட்ட பாத்திரம், அதோடு காகிதங்கள். உன் பாஸ்போர்ட்டையும் கொண்டுவந்திருந்தார். மூலையை வெட்டிக் கொடுத்திருந்தார்கள், இனி செல்லாது என்பதற்கு. நீ வருவதற்கு எல்லாக் காகிதமும் சீக்கிரமாகக் கிடைத்துவிட்டது, பார். திரும்பிப் போவாயா என்று உன்னை யாரும் கேட்கவில்லை.

கொடுமுடிக் காவிரியில் மாமாதான் இறங்கிக் கரைத்தார். நான் படியில் நின்றிருந்தேன்.

ஒன்று மட்டும் யாரிடமும் கேட்க முடியவில்லை, உன்னிடம் கேட்கிறேன். மஞ்சள் வைத்தது தப்பா? கும்பிட்டுவிட்டு எதையும் தொடு என்றுதானே நம்மை வளர்த்தார்கள்? அந்தக் கும்பிடே குறுக்கே வந்து நிற்குமா? முருகனிடமும் கேட்டேன். விளக்கு ஏற்றாமல் இருக்கவும் என்னால் முடியவில்லை.

காரியம் முடிந்து ஊர் அடங்கிய பிறகு புதுப் பாஸ்போர்ட் வந்தது. தபால்காரருக்கு விஷயம் தெரியாது. "வந்திருச்சுங்கக்கா" என்று சந்தோஷமாகக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அவருக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

முரளி கிளம்பும்போது ஒன்று சொன்னார். ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன்னால் நீ கடைக்குப் போய் எனக்கு ஒரு குளிர்க்கோட்டு வாங்கினாயாம். என் உயரத்துக்குக் கடைக்காரப் பெண் ஒருத்தியை நிற்க வைத்து அளவு பார்த்தாயாம். அது இன்னும் உன் அறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறதாம். அடுத்த தடவை கொண்டுவரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்றேன்.

போன வாரம் டிராவல்ஸ் ஆபீசுக்குத் தனியாகப் போனேன். நீ படுத்திருந்த இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றேன். அவர் சங்கடப்பட்டார். "அங்க பாக்கறதுக்குன்னு இப்ப ஆருமே இல்லீங்களே அக்கா. விசா குடுக்க மாட்டாங்கொ" என்றார். அவர் சொல்வது சரிதான். இருந்தாலும் ஒரு விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் உன் பெயரை எழுதுவேன். உறவு என்கிற கட்டத்தில் தம்பி என்று எழுதுவேன். திருப்பித்தான் அனுப்புவார்கள், தெரியும். வேறு பெயர் போட்டால் ஒருவேளை கொடுப்பார்களோ என்னவோ. நான் போட மாட்டேன், கண்ணு. இந்தப் பாஸ்போர்ட்டுக்குக் காலம் இருக்கிறவரைக்கும் இதே பெயரை எழுதிக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன்னைப் பார்க்க வரவேண்டியவள்,
உன் கூடப்பிறந்த அக்கா
ருக்மணி